ஈரத் துணியின் எடை

கண்டியில் தொழிலாளர் நட்டஈட்டு விசாரணைகள் நடக்கும் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், நடைபாதை ஓரமாக நான்கு கதிரைகள் கிடக்கும். அன்று மூன்று காலியாக இருந்தும் அந்தப் பெண் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நீலப் பூப்போட்ட சேலை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் கடதாசிகள். நான் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி படியேறி வந்ததைப் பார்த்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதானா மிஸ் எனக்குப் பதிலா பேசப் போறது?"

"பதிலா பேச மாட்டேன். நீங்க தமிழ்ல சொல்றத சிங்களத்துல சொல்லுவேன். அவங்க கேக்குறத ஒங்களுக்குத் தமிழ்ல சொல்லுவேன். அவ்வளவுதான் என் வேல."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப கூட்டாமக் கொறைக்காமச் சொல்லிருங்க. நானும் ஒரு சொல்லு கூடச் சொல்லப் போறதில்ல."

என் பெயர் துஷ்யந்தி. அரச அலுவலகங்களிலும் விசாரணைகளிலும் மொழிபெயர்க்கும் வேலையை இருபத்திரண்டு வருடங்களாகச் செய்கிறேன். எத்தனையோ பேர் என் வாய் வழியாக அழுதிருக்கிறார்கள், கோபப்பட்டிருக்கிறார்கள், நன்றாகப் பொய்யும் சொல்லியிருக்கிறார்கள். பின்னேரம் வீட்டுக்குப் போனால் பெரும்பாலும் எதுவும் நினைவில் நிற்பதில்லை. அந்தப் பெண், கஜலட்சுமி, நினைவில் நின்றுவிட்டார். ஒரு மனித உடம்பும் ஒரு மனித மனமும் இவ்வளவு துல்லியமாக இருக்க முடியுமா என்று என்னை வாயடைத்து நிற்கவைத்தவர் அவர். அதனால் எழுதுகிறேன்.

அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அம்பிட்டியவுக்கு மேலே, மலைச் சரிவில் உள்ள ஒரு சின்னத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவர். பதினேழு வயதில் கொழுந்து பறிக்கப் போனார். தோட்டத்தில் பாதி மலை காடு மண்டிப்போய், வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வேலை கிடைக்கிற நிலை வந்தபோது மலையிறங்கி லோண்டரி வேலைக்குச் சேர்ந்தார். கணவர் ரமேஸ் கொழும்பில் கட்டட வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் மதுஷா உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த லோண்டரி, அம்பிட்டிய வீதியிலிருந்து ஓர் ஒழுங்கைக்குள் இறங்கினால் வரும் மூன்று மாடிக் கட்டடம். கண்டியில் ஏழெட்டு ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் துவாய்களும் அங்கேதான் வெளுக்க வரும். கீழ்த்தளத்தில் வாஷிங் மெஷின்கள். அவை பழையவை, துவைக்க மட்டும் செய்யும். தண்ணீரைப் பிழிந்தெடுக்கப் பக்கத்தில் வேறொரு மெஷின் உண்டு. நடுத்தளத்தில் ஸ்திரிக்கை போடும் அறை. மொட்டை மாடியில் தகரக் கூரைக்கு அடியில் கொடிகள். கீழே பிழிந்த துணியைக் கூடையில் அள்ளி, கூடையை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலே கொண்டுபோய் உலர்த்துவது கஜலட்சுமியின் வேலை. ஒன்பது வருடம் அதைச் செய்தார்.

ஒன்பதாவது வருடம் ஓகஸ்ட்டில், பெரஹரா திருவிழாவுக்கு ஓட்டல்கள் எல்லாம் நிரம்பி வழிந்த நேரத்தில், பிழியும் மெஷின் பழுதானது. திருத்துகிறவர் வருவார், வருவார் என்று பதினொரு நாள் போனது. ஓட்டல்காரர்கள் காத்திருப்பார்களா? துவைத்த விரிப்புகளைச் சொட்டச் சொட்ட அப்படியே கூடைகளில் எடுத்து மேலே ஏற்றினார்கள். அவரோடு வேலை செய்த பர்ஹானாவும் ஏற்றினார். ஒரு நாளைக்கு ஆளுக்கு இருபது கூடை.

பதினொன்றாவது நாள், பகல் சாப்பாட்டுக்குச் சற்று முன், பாதிப் படியில் கஜலட்சுமியின் தொப்புளுக்குள் ஏதோ விட்டுப்போனது. "பழைய சீலைய ரெண்டு கையாலயும் இழுத்தா ஒரு சத்தம் வருமே மிஸ், அது எனக்கு வயித்துக்குள்ள கேட்டுச்சு" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். கூடையைக் கீழே போடவில்லை. போட்டால் சேறுபட்ட படியில் விரிப்புகள் அழுக்காகும், மறுபடி துவைக்க வேண்டும். மேலே கொண்டுபோய் வைத்துவிட்டுச் சேலையை விலக்கிப் பார்த்தார். தொப்புளில் ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டையாக ஏதோ தள்ளிக்கொண்டு நின்றது. விரலால் அழுத்தினார், உள்ளே போனது. இன்னும் இரண்டு கூடை ஏற்றினார். மூன்றாவதில் அது உள்ளே போக மறுத்தது. வாந்தி வந்தது. பர்ஹானாதான் கையைப் பிடித்து இறக்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே ஓர் இளம் டொக்டர் எப்படி வந்தது என்று சிங்களத்தில் கேட்டார். கஜலட்சுமிக்குக் கடைத்தெருவுக்குப் போதுமான சிங்களம் தெரியும், வலியில் அதுவும் வரவில்லை. பர்ஹானாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாரம் தூக்குறப்ப, படியில, பகல் பன்னெண்டு மணிக்கு முன்னாடின்னு சொல்லு. அப்பிடியே சொல்லு" என்றாராம். பர்ஹானா சொன்னார், டொக்டர் எழுதினார். குடலிறங்கிச் சிக்கிக்கொண்டிருந்ததால் அன்றே வெட்டி, சிக்கிய குடலை விடுவித்து, உள்ளே ஒரு வலை வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, இனி ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கவே கூடாது என்றார்கள்.

லோண்டரி முதலாளி கஜேந்திரன் கண்டி நகரத்துத் தமிழர். டவுனில் இரண்டு கடைகள் அவருக்கு. லோண்டரி மூன்றாவது தொழில். ஆஸ்பத்திரிக்கு ஹோர்லிக்ஸும் அப்பிள் பழமும் கொண்டுவந்து பார்த்தார். கெட்ட மனிதர் என்று கஜலட்சுமி ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் மூன்று மாதம் கழித்து, உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கொடுங்கள் என்று போய்க் கேட்டபோது அவர் கதவடியிலேயே நிறுத்திப் பதில் சொன்னார்.

"உக்காந்து செய்ற வேலைக்கு ஆள் இருக்கு கஜலட்சுமி. நான் என்ன செய்ய? ரெண்டு புள்ள பெத்த ஒடம்பு. அது எப்பவோ தளந்திருக்கும். இங்க வச்சு வெளிய வந்திருக்கு, அவ்வளவுதான்."

கிளினிக்கில் புண்ணைப் பார்த்த ஒரு தாதிதான், வேலை செய்யும் இடத்தில் நடந்தால் நட்டஈடு கேட்கலாம் என்று சொல்லிவிட்டார். கஜலட்சுமி விசாரித்துப் போய் விண்ணப்பம் வாங்கினார். மதுஷா அதை நிரப்பினாள். முதலாளி தரப்பிலிருந்து பதில் கடிதம் வந்தது. அதிலும் அதே கதை: பிள்ளைப்பேற்றினால் ஏற்பட்ட உடல் பலவீனம். அதன்பிறகு ஒரு தவணை, இன்னொரு தவணை, மூன்றாவது தவணை. ஒவ்வொரு முறையும் தோட்டத்துப் பாதையில் நடந்து இறங்கி, பஸ் பிடித்து, கண்டிக்கு வந்து, மறுதிகதி வாங்கிக்கொண்டு திரும்பினார். நான் அவரை நடைபாதையில் பார்த்தது நான்காவது தவணையில்.

விசாரணை அதிகாரி ஐம்பது வயதைத் தாண்டிய சிங்களப் பெண். கண்டிப்பானவர். மேசையில் பேனையைக்கூட நேராகத்தான் வைப்பார். முதலாளி தரப்பில் மூத்த சட்டத்தரணி ஒருவர், பக்கத்தில் கஜேந்திரன். கஜலட்சுமியின் பக்கத்தில் நான் மட்டும்.

சட்டத்தரணி ஒரு தடித்த ரெஜிஸ்டரைத் திறந்தார். ஓட்டல்களிலிருந்து வரும் ஒவ்வொரு மூட்டையும் வாசல் தராசில் நிறுக்கப்பட்டு அதில் பதியப்பட்டிருந்தது. பதினைந்து கிலோ, பதினாறு, பதினாறரை. ஒரு மூட்டைதான் ஒருமுறை மெஷினில் போகும், அதுவே ஒரு கூடையாக வெளியே வரும்.

"ஆக, இந்த அம்மா தூக்கியது பதினாறு கிலோ. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பாரம்" என்றார் அவர்.

நான் மொழிபெயர்த்தேன். கஜலட்சுமி ரெஜிஸ்டரை எட்டிப் பார்த்தார்.

"அது காஞ்ச துணி சேர். ஓட்டல்ல இருந்து வந்து எறங்குறப்ப நிறுக்குறது. நான் தூக்குனது தண்ணியோட. பிழியாதது. நாப்பது கிலோவுக்குக் கொறையாது."

"நனைந்த கூடையை ஒருநாளாவது தராசில் வைத்தீர்களா?"

"இல்ல."

"பிறகு நாற்பது கிலோ என்று எப்படித் தெரியும்?"

"கைக்குத் தெரியும் சேர்."

நான் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். சட்டத்தரணி சிரித்தார். கஜேந்திரனும் மெல்லச் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கைக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள்" என்றார்.

"தோட்டத்துல கொழுந்து நிறுப்பாங்க மேடம். தராசுல முள்ளு எங்க நிக்கிதுன்னு எங்களுக்குச் சரியாத் தெரியாது. அவங்க சொல்றதுதான் எட. அஞ்சாறு தடவ கொறச்சு எழுதுனாங்கன்னு எனக்குச் சந்தேகம். அப்ப இருந்து, நிறுக்கப் போறதுக்கு முன்னாடி சாக்கத் தூக்கிப் பாத்து மனசுல ஒரு கணக்குச் சொல்லிக்குவேன். பதினாறு வருஷம், ஒரு நாளைக்கு மூணு தடவ. அப்பறம் கொறச்சு எழுதுனா அங்கேயே கேட்டுருவேன். அதுக்கப்பறம் என் சாக்குல கொறைக்க மாட்டாங்க."

அதிகாரி மேசையில் இருந்த பேனையை நகர்த்தி இடம் விட்டார். பிறகு தன் கைப்பையை மேசையில் வைத்தார். "இது?"

"இதெல்லாம் ஒரு விசாரணையா மேடம்?" என்று சட்டத்தரணி எழுந்தார்.

"பதிவில் எழுதமாட்டேன். எனக்காகக் கேட்கிறேன்" என்றார் அதிகாரி.

கஜலட்சுமி கைப்பையின் பிடியில் இரண்டு விரலை நுழைத்து ஓர் அங்குலம் உயர்த்தினார். "ரெண்டே முக்கா. கொஞ்சம் கூடவா இருக்கலாம், கொறைய இல்ல."

கீழே தபால் பகுதியில் பார்சல் நிறுக்கும் தராசு ஒன்று இருக்கிறது. அலுவலக உதவியாளர் போய் அதைத் தூக்கி வந்தார். இரண்டு கிலோ எண்ணூறு.

அதிகாரி கயிறு கட்டிய கோப்புக் கட்டொன்றைத் தள்ளினார். கஜலட்சுமி ஒரு முனையை உயர்த்திப் பார்த்து, "அஞ்சுக்குள்ள" என்றார். நான் அவசரத்தில் "ஐந்து" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன். உடனே என் முழங்கையைத் தொட்டார். "அஞ்சு இல்ல மிஸ். அஞ்சுக்குள்ளன்னு சொன்னேன். நாலு எழுநூறு, எண்ணூறு." திருத்திச் சொன்னேன். தராசில் நான்கு கிலோ எழுநூற்றைம்பது.

இப்போது சட்டத்தரணியே தன் தோல் பையை எடுத்து நீட்டினார். பரிகாசத்துக்குத்தான் நீட்டினார் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் ஆவல் வந்துவிட்டது. கஜலட்சுமி அதைப் பிடித்துச் சற்றே உயர்த்தினார். "மூணே கால். ஆனா கனம் ஒரு பக்கமா கெடக்கு. தண்ணிப் போத்தல் ஏதும் இருக்கா சேர்?" சட்டத்தரணி பையைத் திறந்து ஒரு தண்ணீர்ப் போத்தலை வெளியே எடுத்தார். அதைத் திரும்ப உள்ளே வைத்துப் பையைத் தராசில் ஏற்றினார். தராசு மூன்று கிலோ இருநூறு காட்டியது.

கடைசியில் அதிகாரி மூலையில் கிடந்த ஒரு கடதாசிப் பெட்டியைக் காட்டினார். கஜலட்சுமி குனிந்து அதன் விளிம்பில் உள்ளங்கையை வைத்து மெல்லச் சாய்த்தார். உடனே கையை எடுத்துக்கொண்டார்.

"இத நான் தூக்க மாட்டேன் மேடம். டொக்டர் வேணாம்னு சொன்ன பாரம். பதினொண்ணுக்கு மேல இருக்கும்."

உதவியாளர் தூக்கித் தராசில் வைத்தார். பதினொரு கிலோ முந்நூறு.

அந்தச் சின்ன அறையில், கடதாசித் தூசியும் பழைய மின்விசிறிச் சத்தமும் இருந்த இடத்தில், கோயிலில் திரை விலகும்போது வருகிற மாதிரி ஓர் அமைதி வந்தது. கஜலட்சுமி மட்டும் சாதாரணமாக நின்றார். தனக்கு மூக்கு இருப்பதைப் போலத்தான் இதுவும் அவருக்கு.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இது சாட்சி ஆகாது, சொல்லிவிடுங்கள். ஒருவருடைய கையை நம்பி நான் உத்தரவு எழுத முடியாது." பிறகு டயரியைப் புரட்டினார். "ஆனால் இடத்தைப் போய்ப் பார்க்க எனக்கு அதிகாரம் இருக்கிறது. அங்கே ஒரு தராசு இருக்கிறது தானே?"

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை எல்லோரும் அந்த ஒழுங்கைக்குள் இறங்கினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. கஜலட்சுமி கிட்டத்தட்ட ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்த வாசலுக்கு வந்திருந்தார். உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேலையில் இருந்தார்கள். யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. முதலாளி நின்றுகொண்டிருந்தார் அல்லவா.

அதிகாரி முதலில் ஸ்திரிக்கை அறைக்குப் போனார். "அந்த ஓகஸ்ட் மாதம் பிழியும் மெஷின் பழுதாக இருந்ததா? யாருக்காவது தெரியுமா?" சிங்களத்தில் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். ஸ்திரிக்கைப் பெட்டிகளிலிருந்து நீராவி எழுந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. சட்டத்தரணி, "எந்தப் பழுதும் இல்லை என்பதுதான் எங்கள் நிலைப்பாடு" என்று நினைவூட்டினார்.

கடைசி மேசையில் முக்காடு போட்ட ஒரு பெண் ஸ்திரிக்கைப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அதுதான் பர்ஹானா. அலவத்துகொடயிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர். அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டில் ஐந்து பேர்.

"பழுதாத்தான் ஈந்துச்சு" என்றார். "பதினொரு நாள். நானும் தூக்கினேன் தானே. இல்லண்டு எப்படிச் செல்ற? இவவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் நான்தான்."

கஜேந்திரன் அவரைத் திரும்பிப் பார்த்தார். பர்ஹானா தலை குனியவில்லை. நான் மொழிபெயர்த்து முடித்ததும் மறுபடி ஸ்திரிக்கைப் பெட்டியைக் கையில் எடுத்து, விட்ட இடத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினார்.

அதன்பிறகு நிறுவை. அன்று காலை வந்திறங்கிய மூட்டைகளில் ஒன்றை அதிகாரி தானே தெரிந்தெடுத்தார். ரெஜிஸ்டரில் பதினாறு கிலோ இருநூறு என்று இருந்தது. அதை மெஷினில் போட்டுத் துவைத்து, பிழியாமல் வெளியே எடுத்து, கூடையில் அடுக்கி, ஐந்து நிமிடம் தண்ணீர் வடிய விட்டார்கள். சீமெந்துத் தரை முழுக்க ஓடியது. அதிகாரி கஜலட்சுமியைப் பார்த்துத் தலையசைத்தார்.

கஜலட்சுமி கூடையின் விளிம்புக்கு அடியில் கையை வைத்து ஓர் இம்மி சாய்த்தார். ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது.

"நாப்பத்திரெண்டுக்கு மேல. நாப்பத்துநாலு வராது. கூடயே ரெண்டு கிலோ இருக்கும், அதையும் சேத்துத்தான் சொல்றேன்."

இரண்டு பேர் தூக்கித் தராசில் வைத்தார்கள். எண்கள் ஓடி ஓடி நின்றன. நாற்பத்திரண்டு கிலோ தொள்ளாயிரம்.

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு படிகளை எண்ணியபடி மேலே ஏறிப் போனார். முப்பத்துநான்கு படிகள். திரும்பி இறங்கி வந்தபோது அவருக்கு வெறுங்கையோடேயே மூச்சு வாங்கியது.

"நாற்பது கிலோவை ஆட்கள் சாதாரணமாகத் தூக்குகிறார்கள் மேடம். அரிசி மூட்டை இதைவிடக் கனம்" என்றார் சட்டத்தரணி.

அப்போது கஜேந்திரன் முன்னால் வந்தார். ஐம்பது வயது, நல்ல திடகாத்திரமான உடம்பு. சட்டைக் கையை மடித்தார். "நான் தூக்கிக் காட்டுறேன்" என்றார். சட்டத்தரணி, "வேண்டாம் சேர்" என்று தடுத்தார். அவர் கேட்கவில்லை. கூடையைக் கட்டியணைத்துத் தூக்கி முதல் படியில் கால் வைத்தார். இரண்டு, மூன்று, நான்கு. வெள்ளைச் சட்டை வயிற்றோடு ஒட்டித் தண்ணீர் காற்சட்டையில் இறங்கியது. ஆறாம் படியில் நின்று கூடையைச் சுவரோடு அழுத்திப் பிடித்து மாற்றிப் பிடித்தார். ஒன்பதாம் படியில் முழங்கால் மடங்கியது. இரண்டு பெண்கள் ஓடிப்போய்க் கூடையைத் தாங்கிக்கொண்டார்கள். அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு துடித்தது.

படியில் இருந்தபடியே சொன்னார். "ரெஜிஸ்டர்ல எழுதினதத்தான் நான் பாத்தேன். இத ஒருநாளும் தூக்கிப் பாத்ததில்ல. எனக்குத் தெரியாது."

"என்ன சொன்னார்?" அதிகாரி என்னிடம் கேட்டார்.

"அது விசாரணைக்குச் சொன்னது இல்லை, மொழிபெயர்க்கத் தேவையில்லை" என்றார் சட்டத்தரணி.

அதிகாரியின் கண் என்மேலேயே இருந்தது. நான் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அவர் எழுதிக்கொண்டார்.

கஜலட்சுமி இதையெல்லாம் கவனித்ததாகவே தெரியவில்லை. படியடிக்குப் போய் கஜேந்திரனை அண்ணாந்து பார்த்தார்.

"மொதலாளி, எந்திரிச்சு நில்லுங்க. இத எறக்குன ஒடனே ஒக்காரக் கூடாது. சொவரப் புடிச்சு நின்னு மெதுவா மூச்சு விடுங்க. ஆ, அப்பிடித்தான். இன்னும் மெதுவா."

அவர் சொன்னபடி கஜேந்திரன் எழுந்து நின்று சுவரைப் பிடித்தார். தன் வயிற்றைக் கிழித்த படிகளில், தன்மேல் பழி சொன்ன மனிதருக்கு எப்படி மூச்சு விடுவதென்று ஒரு பெண் சொல்லிக்கொடுத்தார். அந்தக் குரலில் குத்தலும் இல்லை, வெற்றியும் இல்லை. காய்ச்சல்காரருக்கு மருந்து சொல்கிற குரல். நான் குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்து ஒழுங்கையில் நின்றேன். யாராவது அப்போது என்னிடம் பேசியிருந்தால் எனக்கு எந்த மொழியும் வந்திருக்காது.

உத்தரவு வர இன்னும் நான்கு மாதம் ஆனது. டொக்டர்கள் குழு கஜலட்சுமியைப் பரிசோதித்து, உழைக்கும் சக்தியில் எவ்வளவு போனதென்று ஒரு வீதம் எழுதிக் கொடுத்தது. அவர் எதிர்பார்த்ததைவிட அது குறைவு. ஆகவே நட்டஈடும் குறைந்தது. எட்டுப் பக்க உத்தரவு சிங்களத்தில் இருந்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு கஜலட்சுமி என்னிடம் வந்தார்.

"மிஸ், முழுக்க வாசிச்சுச் சொல்ல முடியுமா? காசு எவ்வளவுன்னு சொன்னாங்க, அது வெளங்கிருச்சு. மத்தது என்ன எழுதியிருக்குன்னு தெரியணும்."

நடைபாதைக் கதிரைகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அவர் முன்னால் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டார். தராசு, கூடை, முப்பத்துநான்கு படி, பர்ஹானாவின் சாட்சி எல்லாம் இருந்தன. ஆறாம் பக்கத்தில் ஓர் இடம் வந்தது: இந்தக் குடலிறக்கம் தொழிலினால், தொழில் செய்துகொண்டிருக்கும்போது ஏற்பட்ட காயம் என்றும், மனுதாரரின் பிள்ளைப்பேறுகளே காரணம் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்றும் காண்கிறேன்.

கண்ணைத் திறந்தார். "அத இன்னொருக்கா வாசிங்க மிஸ்."

வாசித்தேன்.

"பிள்ளைகளால இல்லன்னு எழுதியிருக்கா? அப்பிடியேவா?"

"அப்பிடியேதான். இங்க பாருங்க, இந்த வரி." சிங்கள எழுத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவரும் தன் விரலை அதன்மேல் வைத்தார்.

"மொதலாளி போட்ட காயிதத்த மதுஷாதான் எனக்கு வாசிச்சுச் சொன்னா" என்றார். "வாசிச்சிட்டு ரெண்டு நாள் சரியா சாப்புடல. மூணாம் நாள் அடுப்படியில வந்து நின்னுகிட்டு, 'என்னாலயாம்மா ஒனக்கு இப்பிடி ஆச்சு?'ன்னு கேட்டா. நான் இல்லடின்னு சொன்னேன். ஆனா தாய் சொன்னா புள்ள நம்புமா? மனச ஆத்துறதுக்குச் சொல்றதா நெனைக்கும். வெளியாள் ஒருத்தர் எல்லாத்தையும் பாத்துட்டு எழுதணும்னு நெனச்சேன். அதுக்குத்தான் மிஸ் இத்தன தடவ வந்தேன்."

ஒரு வருடத்துக்கும் மேலாக, மலையிறங்கி மலையேறி, தவணைக்கு மேல் தவணை வாங்கி இந்தப் பெண் தேடியது ஒரு வரி. அதைச் சட்டம் படித்தவர்களும், பக்கத்தில் இருந்து வார்த்தை வார்த்தையாக மொழிபெயர்த்த நானும் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

கைத்தொலைபேசியை எடுத்து மகளை அழைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம், பஸ் இரைச்சல் கேட்டது. "மதுஷா, ஒரு நிமிசம் இரு. மிஸ் ஒண்ணு வாசிப்பாங்க, கேளு" என்று சொல்லித் தொலைபேசியை என் வாயருகே பிடித்தார். நான் அந்த வரியை அவளுக்கு வாசித்தேன். சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. மறுமுனையில் பஸ் இரைச்சலுக்கு நடுவே அவள் அந்த வரியைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "சரி மிஸ். தேங்ஸ் மிஸ்" என்று ஒரு சின்னக் குரல். தாயிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கஜலட்சுமி எழுந்து யன்னல் பக்கமாகப் போய் நின்று பேசினார்.

கஜேந்திரன் மேன்முறையீடு செய்யவில்லை. சொன்ன தவணைகளில் கட்டி முடித்தார். பர்ஹானாவை வேலையிலிருந்து நிறுத்தவும் இல்லை. மொட்டை மாடியில் ஓர் இரும்புச் சட்டம் அடித்து மோட்டார் கப்பி பூட்டியிருக்கிறார். இப்போது கூடைகள் கட்டடத்துக்கு வெளிப்பக்கமாகக் கயிற்றில் ஏறிப் போகின்றன. ஒழுங்கையில் போகிற பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்கிறார்களாம்.

கஜலட்சுமிக்கு ஓர் ஓட்டலின் துணி அறையில் வேலை கிடைத்திருக்கிறது. கிழிந்த விரிப்புகளைத் தைப்பதும், எண்ணி அடுக்கிக் கொடுப்பதும். உட்கார்ந்து செய்கிற வேலை. சென்ற மாதம் கண்டி மார்க்கெட்டுக்கு வெளியே அவரைக் கண்டேன். ஒரு மரக்கறிக்காரரிடம் கரட் வாங்கிக்கொண்டிருந்தார். வியாபாரி தராசில் போட்டுக் கொடுத்த பையை வாங்கிக் கையில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "ஐயா, இன்னும் ரெண்டு கரட் போடுங்க" என்றார். மரக்கறிக்காரர் அவர் கையை ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டு கரட் எடுத்துப் போட்டார்.